அனுப்பு பொத்தானைக் காணோம்

வால்பாறைக்குப் போகிற பாதையில் பழைய தேயிலைக் கிடங்கு ஒன்று. உள்ளே சிலர் உட்கார்ந்து ஓர் இணைய உலாவியைப் பராமரிக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது உலாவி மடம். சாமி இல்லை, பிரசாதம் இல்லை. குரு உண்டு, சீடர்கள் உண்டு, சண்டையும் உண்டு. மடம் என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

குரு செங்கமலத்துக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. சீடர் மாசிலாமணிக்குத் தலை பாதி நரைத்தாயிற்று. பாங்கு வேலையை உதறிவிட்டு வந்தவர். அவள் அவரை "ஐயா" என்பாள். அவர் அவளை "அம்மணி" என்பார். மரியாதை இரண்டு பக்கமும் ஓடும். வேலை ஒரு பக்கம்தான் ஓடும்.

அன்று காலையிலிருந்தே மாசிலாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. எழுந்தால் நாற்காலி ஆடியது. மாலை ஐந்துக்குள், உலாவியின் நிரலில் தான் செய்த மாற்றத்தை அனுப்பிவிட்டால் வருகிற வெளியீட்டில் ஏறிவிடும். தவறினால் மழைக்காலம் முடிந்துதான். மடத்தில் அவருடைய முதல் மாற்றம் அது. "இனி உலகம் பூரா அப்பா எழுதினதுதான் ஓடப்போகுது" என்று மகளிடம் வேறு சொல்லித் தொலைத்துவிட்டார்.

மாற்றம் சின்னது. ஓர் இணையப் பக்கத்தின் நிறம், எழுத்து, இடைவெளி எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகள் ஸ்டைல்ஷீட்டில் இருக்கும். பக்கங்கள் அந்த விதிகளைக் கேட்டு வாங்க உலாவி இரண்டு பெயர் வைத்திருந்தது. ஒன்று, எல்லா உலாவிகளும் ஒப்புக்கொண்ட தரநிலைப் பெயர். இன்னொன்று, தரநிலை பிறப்பதற்கு முன்பே யாரோ வைத்துவிட்டுப் போன பழைய பெயர். மாசிலாமணி தன் பிரதியில் அந்தப் பழைய பெயரை வழித்து எறிந்திருந்தார்.

"அம்மணி, பழைய பேரை எப்பத்தான் எடுக்கறது? இன்னிக்கே எடுத்துரலாமுங்களா?"

"யாராச்சும் அதைக் கூப்பிடறாங்களா?"

"எண்ணிப் பார்த்துட்டனுங்க. ஈ காக்கா கூப்பிடலை."

"சரிங்க ஐயா. சமைச்சவர் முதல் வாய் சாப்பிடணும்."

அது மடத்து வழக்கம். மாற்றம் செய்தவர், மாற்றிய உலாவியில்தான் அன்று முழுக்க வேலை பார்க்க வேண்டும்.

பார்த்தார். செய்தி திறந்தது. ரயில் டிக்கெட் திறந்தது. கிரிக்கெட் ஸ்கோர்கூடத் திறந்தது. ஒவ்வொன்று திறக்கும்போதும் மாசிலாமணி தொடையில் தட்டிக்கொண்டார்.

எவர் குரலிலும் பேசுகிற யூசுப், எதிர் மேசைச் சீடன், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் அறிவிப்பாளரானான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மாசிலாமணி எக்ஸ்பிரஸ், இன்னும் சற்று நேரத்தில், ஆறாவது நடைமேடையில், தடம் புரளும்!"

"வாயைக் கழுவுடா!"

ஐந்து நெருங்கும்போது அனுப்பும் பக்கத்தைத் திறந்தார். மடத்தின் சொந்தப் பக்கம். எந்தக் காலத்திலோ யாரோ எழுதியது. பெயரை நிரப்பினார். விளக்கத்தை நிரப்பினார். கீழே இறங்கினார்.

அனுப்பு பொத்தான் இல்லை.

மேலே போனார். மறுபடி கீழே வந்தார். பக்கத்தை மூடித் திறந்தார். கண்ணாடியைக்கூடத் துடைத்தார்.

"பொத்தானைக் காணோமுங்க!"

"எங்க வெச்சீங்களோ அங்கயே தேடுங்க, ஐயா." அச்சு அசல் செங்கமலம் குரல். பேசியது யூசுப்.

உண்மையான செங்கமலம் எழுந்து வந்தாள். "அந்தப் பக்கத்துக்குப் பின்னால என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

பார்த்தார். அந்தப் பக்கம் பழைய பெயரைக் கூப்பிடவே இல்லை. உலாவியில் அது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். இருந்தால், நல்ல உலாவி என்று நம்பிப் பொத்தானைக் காட்டும். இல்லாவிட்டால், ஏதோ ஓட்டை உலாவி என்று ஒளித்துவிடும்.

"கூப்பிடறவங்களைத்தான் எண்ணினேன். எட்டிப் பாக்கறவங்களை எண்ணலையே!"

"ம்."

"அது எத்தனை பேருன்னு எப்படித் தெரியும்?"

"பழைய பேரு இருந்த இடத்துலயே இருக்கட்டும். எட்டிப் பாக்கறவங்களையும் எண்ண வழி பண்ணுங்க. புதுப் பேரு இருக்குதுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."

"அதுக்குள்ள மழை முடிஞ்சிருமே அம்மணி!"

"முடிஞ்சிருமுங்க."

மாசிலாமணி கடிகாரத்தைப் பார்த்தார். கால் தாளம் போட்டது. "ஓட்டைப் பக்கம் எழுதினவன் திருத்திக்கட்டுமே! நாம எதுக்குச் சுமக்கணும்? தரநிலை என் பக்கம்தானே?"

"உங்க பக்கம்தானுங்க."

அந்தச் சொல்லில் அவருக்கு வேகம் வந்துவிட்டது. மாற்றாத பழைய உலாவியை அதே கணினியில் திறந்தார். அனுப்பும் பக்கம் வந்தது. அடியில் பச்சைப் பசேல் என்று பொத்தான்.

"இந்தா இருக்குது! இதுலயே அனுப்பிடறேன். தப்பில்லையே?"

"தப்பில்லைங்க."

செங்கமலம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாசிலாமணி விரலை மவுஸின் மேல் வைத்தார்.

"அனுப்புங்க, ஐயா. உங்க மாற்றம் ஏறினதும் எல்லார் மெஷின்லயும் பிரவுசர் தானா மாறிரும். எங்கயோ ஒருத்தி, காய்ச்சல் அடிக்கிற குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரி டோக்கன் போட இதே மாதிரி ஒரு பொத்தானைத் தேடுவா. அவகிட்ட இந்தப் பழைய பிரவுசர் இருக்குமுங்களா?"