முள்ளை மடக்கச் சொன்ன ஒண்டியன்

ஓடைக்கரைக் காட்டில் முள்ளம்பன்றிகள் கிழங்கு பயிரிட்டு வாழ்ந்தன. அவற்றில் ஒண்டியன் கைதேர்ந்த விவசாயி. மண்ணை முகர்ந்தே, "இங்கே வள்ளி வரும், அங்கே கருணை வரும்" என்று சொல்லிவிடுவான்.

அந்தக் காட்டை ஒரு கரடி ஆண்டது. கிழங்கு தோண்டும் காலம் வந்தால் போதும், கரடிப்படை வந்து பாதியை அள்ளிக்கொண்டு போய்விடும். "செந்நாய் வராமல் காக்கிறோமே, அதற்குக் கூலி!" என்று சொல்லும்.

ஒரு வருடம் மழை இல்லை. விளைந்ததே கொஞ்சம். அதிலும் பாதி கேட்டுக் கரடிகள் வந்து நின்றன.

ஒண்டியனுக்குப் பொறுக்கவில்லை. "இந்தத் தடவை ஒரு கிழங்குகூடக் கிடையாது! எல்லாரும் வழியை மறிச்சு வரிசையா நில்லுங்க. முதுகைத் திருப்பி முள்ளை விரிங்க!" என்றான்.

மற்ற விலங்கு முதுகைக் காட்டினால் அது தோல்வி. முள்ளம்பன்றிக்கோ அதுதான் போர்! ஏழு நாள் நின்றன. ஒண்டியனின் தம்பி, ஒரு கரடி அறைந்து, அங்கேயே செத்தான். அப்போதும் வரிசை கலையவில்லை. கடைசியில் மூக்கெல்லாம் முள் தைத்துக் கரடிகள் அலறிக்கொண்டு ஓடின.

கரடியரசன் இறங்கி வந்தான். "இனிமேல் கால் பங்கு போதும். உங்களில் ஒருவன் என் சபையில் உட்காரட்டும். யாரை அனுப்புகிறீர்கள்?"

"ஒண்டியனை! ஒண்டியனை!" என்று எல்லாம் கத்தின.

முதல் வருடம் ஒண்டியன் சபையில் விடாமல் வாதாடினான். கரடியரசன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பேசி முடித்ததும் பலாச்சுளையும் தேனும் வந்தன. இரண்டாம் வருடம் ஒண்டியன் ஊருக்கு இரண்டே தடவைதான் வந்தான். மண் தோண்டாத நகம் வளைந்து வளர்ந்திருந்தது.

மூன்றாம் வருடம் மறுபடியும் பஞ்சம்.

"என் படை பட்டினி கிடக்கிறது. பாதிப் பங்கு வேண்டும். நீயே போய் வாங்கி வா. உன்னை அவர்கள் குத்த மாட்டார்கள்" என்றான் கரடியரசன்.

'முடியாது என்றால் ஆசனம் போய்விடும். வேறு எவனாவது வருவான். அவன் இன்னும் மோசமாக இருப்பான்' என்று ஒண்டியன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது நியாயமாகவே பட்டது. கரடிப்படையோடு கிளம்பினான்.

வழியை மறித்து, முதுகைக் காட்டி முள்ளை விரித்து முள்ளம்பன்றிகள் நின்றன. முன்னால் நின்றவள் செவத்தா, செத்துப்போன தம்பியின் மனைவி.

"இது நான்தான்! முள்ளை மடக்குங்க. பேசித் தீர்த்துக்கலாம்" என்றான் ஒண்டியன்.

"கரடியைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே மச்சான்?"

"எனக்குக் காவலுக்கு வந்திருக்கு, அவ்வளவுதான். என்னை நம்ப மாட்டியா?"

செவத்தா முள்ளை மடக்கி அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மற்றவையும் திரும்பின.

கரடிகள் பாய்ந்தன!

"பாதிதான்! பாதிதான் எடுக்கணும்!" என்று ஒண்டியன் கத்தினான். யார் கேட்டது? இருந்த கிழங்கு முழுவதும் போயிற்று. விதைக்கிழங்கும் போயிற்று. செவத்தாவின் இரண்டு குட்டிகள் மிதிபட்டுச் செத்தன.

ஒண்டியன் சபைக்கு ஓடினான். "இது அநியாயம்!" என்றான்.

"அவர்கள் உன் பேச்சைக் கேட்டார்கள், அதனால் உன்னை வைத்திருந்தேன். இனி யார் கேட்பார்கள்? வெளியே போ!" என்றான் கரடியரசன்.

ஊருக்குத் திரும்பியபோது வளைகளெல்லாம் காலி. விதை இல்லாத நிலத்தை விட்டுவிட்டு, முள்ளம்பன்றிகள் மேற்கு மலையில் ஏறிக்கொண்டிருந்தன. ஒண்டியன் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினான்.

"செவத்தா! நானும் வர்றேன்!"

அவள் நின்றாள். திட்டவில்லை, குத்தவுமில்லை. "நீங்க வந்தா எங்க பிள்ளைங்க தூங்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

ஒண்டியன் தரிசு நிலத்துக்குத் திரும்பினான். வளைந்த நகத்தால் தோண்டித் தோண்டிப் பார்த்தான். ஒரு வேர்கூட அகப்படவில்லை. கோடை முடியுமுன் அங்கேயே செத்துக் கிடந்தான்.

நம்பி அனுப்பியவர்களைவிடத் தனக்குக் கிடைத்த ஆசனத்தைப் பெரிதாக நினைக்கும் தலைவன், அவர்களையும் அழித்துத் தானும் அழிவான்.