ஏழுகேணிப்பட்டிக்கு வந்த படகு

“மேலே போகிற தாளில் என்ன எழுதுகிறோமோ அதுதான் கீழே வந்து சேரும், அதனால...” என்று அருமைநாதனின் பெரியப்பா ஊர்க்கூட்டங்களில் பேசுவார். அதனால் என்ன என்பது, இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் கணினி வேலையில் இருந்ததில் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

திரும்பி வந்த நேரம், ஏழுகேணிப்பட்டியில் ஏழு கேணியும் வற்றிக்கொண்டிருந்தன. நீர்மட்டத்தை அடிக்கணக்கில் கணினியில் ஏற்றி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினால்தான் தண்ணீர் லாரி வரும். மூன்று முறை அனுப்பினார்கள். மூன்று முறையும் திரும்பி வந்தது. எண் மட்டும்தான் வேண்டுமாம்.

அருமைநாதன் பட்டியலைப் பார்த்தான். ‘முழங்காலுக்குக் கீழே.’ ‘போன வருசம் மாதிரிதான்.’ ‘உடையப்பனைக் கேட்கவும்.’

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒரு சல்லடை உண்டு. ஒரே வரிதான். கட்டத்தில் 0 முதல் 9 வரையிலான இலக்கம் தவிர வேறெது இருந்தாலும் பிடித்துக் காட்டும். பிடிபட்ட கட்டம் சிவக்கும்படி செய்தான். ஏழும் சிவந்தன.

“நாலாங்கேணிக்கு ‘௩’னு தமிழ் எண்ணே போட்டிருக்கேனே தம்பி,” என்றார் எழுத்தர் செல்லக்கண்ணு.

“அதை இது எண்ணா எடுத்துக்காதுண்ணே.”

“இதைக் கத்துக்கவா அவ்வளவு தூரம் போனீங்க?”

மோட்டார் போடுகிற உடையப்பனுக்கு வேறு கவலை. “வறண்ட கேணிக்குப் பூஜ்யம் போடச் சொல்றீங்க. இல்லாத தண்ணிக்கு எதுக்குங்க எண்ணு? ஏதோ இருக்குன்னு நெனச்சுக்குவாங்க.”

ஊராட்சித் தலைவர் பூங்காவனத்தம்மாள் தீர யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: “தம்பி சொன்னதைச் செய்யுங்க. சொல்லாததைச் செய்யாதீங்க.”

“ஒரு சிவப்புக்கூட இருக்கக் கூடாது, எண் மட்டும்தான் இருக்கணும்,” என்று அருமைநாதன் தெளிவாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். தெளிவாகச் சொன்னதுதான் பிசகு.

திரும்பி வந்தபோது ஒரு சிவப்பும் இல்லை. பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது.

“எப்படிண்ணே?”

“‘உடையப்பனைக் கேட்கவும்’னு இருந்த இடத்துல உடையப்பன் செல் நம்பரைப் போட்டேன். பத்து இலக்கம். எல்லாம் எண்ணு.”

“மத்த கேணிக்கு?”

“எந்தக் கேணியை யார் பார்த்தாங்களோ அவங்க நம்பர். வறண்டதை யாரும் எட்டிக்கூடப் பாக்கலை. அதுக்குத் தலைவரம்மா நம்பர்.”

“உடனே திரும்ப வாங்குங்க.”

“அதுக்கு எழுத்துல மனுக் கொடுக்கணுமாம். எழுத்தே ஆகாதுன்னீங்களே, விட்டுட்டேன்.”

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. தண்ணீர் இல்லை. ரப்பர் படகும் உயிர்காப்பு உடைகளும் இருந்தன. இறங்கிய மீட்புப்படைக்காரர் தாளைப் புரட்டினார். “ஒவ்வொரு கேணியிலயும் தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடி அடித் தண்ணி. வெள்ளம் எந்தப் பக்கம்?”

“வெள்ளம் வந்தா எங்களுக்குத் தெரியாதாங்க?” என்றான் உடையப்பன்.

“தாள்ல இருக்கே.”

பூங்காவனத்தம்மாள், “வந்த படகைத் திருப்பி அனுப்பினா அடுத்த தடவை எதையுமே அனுப்ப மாட்டாங்க. பொம்பளைங்க, பிள்ளைங்க முதல்ல ஏறுங்க,” என்றார்.

ஊருக்கு வெளியே வறண்டு கிடந்த ஏரிக்குள் படகை இறக்கி ஏறிக்கொண்டார்கள். ஆறு பேர் துடுப்புப் போட்டார்கள். புழுதிதான் கிளம்பியது.

“தண்ணி இல்லாம எப்படிப் போகும்?” என்று செல்லக்கண்ணு கண்டுபிடித்தார்.

நியாயம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வீடுவீடாக ஓடி, குடிப்பதற்கு மிச்சமிருந்த குடங்களைத் தூக்கி வந்து படகுக்கு அடியில் கவிழ்த்தார்கள். ஏரி அதைக் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது.

“இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு தம்பி,” என்றார் பூங்காவனத்தம்மாள்.

அருமைநாதன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படகில் ஏறினான்.