தூக்குகிற கை

எங்கள் மடத்துத் தவசிமுத்து சாமிக்குக் கால் விளங்காமல் போய் ரொம்ப காலம் ஆயிற்று. விடியற்காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு போய், அவருடைய குருவான பெரிய சாமியின் சமாதி விளக்கடியில் உட்கார வைப்பது கோமதிநாயகம் அண்ணாச்சியின் வேலை. சீடராக வருவதற்கு முன்னால் அண்ணாச்சி சந்தையில் மூட்டை தூக்கியவர். நான் அங்கே அடுப்படி பார்க்கிறவள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமி காலமானால் எரிப்பதில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே குழியில் இறக்கி, திருநீறும் வில்வமும் போட்டு மூடுவார்கள். கடைசியாக விளக்கடிக்கு அவரைத் தூக்கிப் போன கை எதுவோ, அதுதான் குழியிலும் இறக்க வேண்டும். அண்ணாச்சி வேறொன்றும் கேட்டதில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் வீடு வாசலை விட்டு வந்து கிடந்தார்.

ஐப்பசி மழையில் படி வழுக்கிவிட்டது. சாமியை இடது கையால் மாரோடு அணைத்துக்கொண்டு, வலது கையைத் தரையில் ஊன்றிவிட்டார் மனுஷர். சாமிக்கு ஒரு கீறல் இல்லை. அண்ணாச்சிக்கு மணிக்கட்டு நொறுங்கிப் போயிற்று. ஆஸ்பத்திரியில் கையைக் கிழித்துத் தகடு வைத்துத் திருகு போட்டார்கள்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு அந்தக் கையைப் பார்த்து எனக்கே அழுகை வந்துவிட்டது. மூட்டை தூக்கிய கையா அது? சதையெல்லாம் வற்றி, சுள்ளி மாதிரி இருந்தது. தண்ணீர்ச் செம்பைப் பிடித்தால் நடுங்கியது.

"எலும்பு கூடிட்டு. சதைதான் மெதுவா வரும்" என்று ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லி அனுப்பினாள். "பந்தைப் பிடிச்சு அமுக்குங்க, ஈரத்துணியைப் பிழிங்க, மாவு பிசைங்க. கனம் மட்டும் தூக்கிராதீங்க."

அண்ணாச்சி கேட்டால்தானே! நான் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து அரிசி மூட்டையில் கையை வைத்துவிட்டார். மூட்டைக்காரருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மூட்டைதான். கை பூசணிக்காயாக வீங்கி, பிடித்த பிடியும் போயிற்று.

"கூறு இருக்கா அண்ணாச்சி உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அவர் மூலையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

சாமியை அப்போது இளைய சீடன் சுடலைமணி தூக்கிக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். ஆனாலும் அவன் தூக்கும்போதெல்லாம் அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் சாமியிடமே போய் நின்றார்.

"சாமி, எனக்குக் கை வருமா?"

"என்ன அவசரம்டே?"

"உங்க முகம் சரியில்ல சாமி. அதுக்குள்ள வரணும்."

மடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேச்சு அது.

சாமி கோபப்படவில்லை. குளித்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த ஈரத்துண்டை அவிழ்த்து நீட்டினார்.

"பிழி."

அண்ணாச்சி பிழிந்தார். நாலு சொட்டு விழுந்தது.

"தினமும் இதை நீதான் பிழியணும். வேற ஒருத்தரும் தொடக்கூடாது."

"பிழிஞ்சா கை வந்துருமா சாமி?"

"உன் பக்கத்தை நீ பாரு. என் பக்கத்தை நான் பாத்துக்கிடுதேன்."

அண்ணாச்சி துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

அதன் பிறகு அண்ணாச்சி மூட்டைப் பக்கம் போகவில்லை. காலையில் துண்டைப் பிழிவார். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து மாவு பிசைவார். முதலில் மாவுதான் அவரைப் பிசைந்தது என்று நான் கேலி செய்வேன். மாசி பிறந்தபோது மாவு அவர் சொன்னபடி கேட்டது. முழங்கைக்குக் கீழே கொஞ்சம் சதை திரண்டிருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அவருக்கு அந்தச் சந்தோஷம். எனக்கு வேறு கவலை. சாமிக்குக் கொண்டுபோகிற கஞ்சி பாதி அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

"போதும் தாயி" என்பார்.

"ஒரு வாய் சாமி..."

"இறங்கல தாயி."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். கஞ்சி திரும்பி வருவதை அண்ணாச்சியிடம் சொல்லக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். காவித் துணியைச் சுற்றிப் போர்த்தி உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே உடம்பு எவ்வளவு மிச்சம் என்று யார் கண்டது?

பங்குனியில் ஒரு விடியற்காலை. சுடலைமணி தூக்கக் குனிந்தான்.

"மணி, நீ ஒதுங்கிக்கோ. இன்னைக்கு நாயகம் தூக்கட்டும்."

அண்ணாச்சி முன்னால் வந்தார். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்தார். சாமியின் முதுகுக்குப் பின்னால் ஒரு கை, தொடைக்குக் கீழே ஒரு கை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்துத் தூக்கினார்.

தூக்கிவிட்டார். நடுக்கம் இல்லை, தள்ளாட்டம் இல்லை. அந்தப் படியில்கூட நிதானமாக இறங்கினார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

விளக்கடிக்கு வந்ததும் அண்ணாச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"சாமி! கை வந்துட்டு சாமி! பழைய பலம் அப்படியே வந்துட்டு! பூ மாதிரி தூக்கிட்டேன் பாத்தீங்களா?"

சாமி அவர் தோளில் சாய்ந்தபடியே இருந்தார்.

"பாதிதாம்டே உன் பலம்."

"மீதி, சாமி?"

"நான் குறைஞ்சது. என் பக்கத்தை நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேம்லா."