டோலியும் லெஃப்ட் ரைட்டும்

“சாமி, இந்தக் கூத்தையன் கால் என் காலோட சேரவே மாட்டேங்குது!”

மலைப்பாதையில் டோலியின் முன்பக்க மூங்கிலைச் சுமந்துகொண்டு சங்கிலிமுத்து கத்தினான். பல வருஷம் போலீஸ்காரர்களுக்கு டிரில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், இப்போது மடத்துச் சீடன். உடுப்பைக் கழற்றினானே தவிர தொண்டையைக் கழற்றவில்லை.

பின்பக்கம் சுமந்தவன் கூத்தையன், மடத்துச் சமையல்காரன். அவன் நடைக்கு ஓர் ஒழுங்கும் கிடையாது.

நடுவே, மூங்கிலில் கட்டித் தொங்கவிட்ட போர்வைக்குள், இடுப்பெலும்பு முறிந்த சாமி. அடிவாரத்தில் ஆஸ்பத்திரி வேன் காத்திருந்தது. அதுவரை எலும்பு அசையவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“எனக்கு ஆட்டம் ஒண்ணும் தெரியலையேப்பா” என்றார் சாமி.

“உங்களுக்குத் தெரியாது சாமி. டேய் கூத்தையா, நான் வைக்கிற காலைப் பார்த்து வை. லெஃப்ட்! ரைட்! லெஃப்ட்!”

கூத்தையன் பாவம், பயந்துபோய் முயன்றான். கொஞ்ச தூரத்தில் இருவர் காலும் ஒரே சத்தமாக விழ ஆரம்பித்தன.

மூங்கில் துள்ளியது.

“ஐயோ!” என்றார் சாமி.

“பார்த்தியா? ஒழுங்கா வைடா! லெஃப்ட்!”

கூத்தையன் இன்னும் ஒழுங்காக வைத்தான். மூங்கில் இன்னும் துள்ளியது. போர்வைக்குள் சாமி பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

சங்கிலிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்மேல் உயிரையே வைத்திருந்தான்.

“உன்னாலதான்டா அவருக்கு உயிர் போகுது, பாவி!”

“அண்ணே, நீங்க சொன்னபடிதானே...” என்ற கூத்தையன் ஒரு வேரில் தடுக்கினான். விழவில்லை. ஆனால் கால் மாறிவிட்டது. சங்கிலிமுத்து இடது வைக்கும்போது அவன் வலது வைத்தான்.

மூங்கில் அடங்கியது.

“போச்சு! கால் தப்பிடுச்சு! மாத்துடா, காலை மாத்து!”

“சங்கிலி.”

சாமியின் குரலில் இத்தனை எரிச்சலை அவன் கேட்டதே இல்லை.

“சாமி?”

“நீ தூக்கிட்டுப் போறது என்னையா, அவன் காலையா?”

சங்கிலிமுத்து நடந்துகொண்டேதான் இருந்தான். தோளில் மூங்கில் அசையாமல் கிடந்தது.

கூத்தையன் பின்னாலிருந்து கேட்டான். “அண்ணே, இப்ப எந்தக் காலைப் போடணும்?”

“எதை வேணா போடு. என் காலை மட்டும் பார்க்காதே.”