பொறுப்பாளர் என்ற கடைசி வரி

ஜுலைகா டீச்சரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் டீச்சரைவிட வயதில் மூத்தவர் மகிமைதாஸ் ஒருவர்தான். டீச்சருக்கு முப்பத்திரண்டு, அவருக்கு நாற்பத்தெட்டு. அவர் டீச்சர் என்று கூப்பிடுவார், டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் குழப்பமாகத்தான் இருக்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள மாடியறையில்தான் பாடம். பாடம் என்றால் நோட்டு, பலகை எதுவும் கிடையாது. டீச்சர் வேலை செய்வார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேள்வி கேட்டால் சில சமயம் பதில் வரும், சில சமயம் டீ வரும்.

மகிமைதாஸ் ஒன்பது வருஷமாகச் சுற்றுவட்டாரத்தில் பதினொரு மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர்களைப் பராமரித்து வந்தவர். அந்த மருத்துவமனைகளின் ரத்த வங்கிகளுக்குப் புதிதாக ஒரு புரோகிராம் வந்திருந்தது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. எழுதியவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதிவிடவில்லை. யார் யாரோ எழுதி இணையத்தில் வைத்திருந்த அறுபத்துமூன்று பைத்தான் பேக்கேஜ்களை, அதாவது தயாரான புரோகிராம் துண்டுகளை, எடுத்துச் சேர்த்திருந்தார்கள்.

எழுதியவர்களின் கம்ப்யூட்டரில் அதெல்லாம் சொகுசாக இருந்தது. அங்கே ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டியதைத் தனியாக வைத்துக்கொள்ளும். மருத்துவமனைகளில் அப்படி இல்லை. அங்கே இருப்பவை விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர்கள், இணையம் கிடையாது. அறுபத்துமூன்றையும் லினக்ஸுக்கே உரிய பேக்கேஜ்களாக மாற்றித்தான் உள்ளே போட வேண்டும். ஒரு தடவை போட்டுவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் எல்லாப் புரோகிராம்களுக்கும் அந்த ஒன்றுதான் பொது.

டீச்சர் ஒரு நாளைக்கு ஒரு பேக்கேஜ் மாற்றினார்.

வியாழக்கிழமை ஒன்று. வெள்ளிக்கிழமை ஒன்று. சனிக்கிழமை காலை மூன்றாவதை எடுத்து வைத்துக்கொண்டு அதில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தபோது மகிமைதாஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஒரு பேக்கேஜுக்கு ஒரு நாள் பூரா என்னதான் செய்யுதீங்க?"

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேரு எழுதுதேன் அண்ணாச்சி."

"எந்தப் பேரு?"

லினக்ஸ் பேக்கேஜ் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். இது என்ன, எத்தனையாவது பதிப்பு, வேறு எதை நம்பி இருக்கிறது என்று வரிசையாக எழுதியிருக்கும். பொறுப்பாளர் யார் என்று ஒரு வரியும் அதில் உண்டு. டீச்சர் அதைக் கடைசியாகத்தான் எழுதுவார். மற்றவர்கள் அங்கே பெயரும் மின்னஞ்சலும் போடுவார்கள், டீச்சர் தன் போன் நம்பரையும் சேர்த்துப் போடுவார். அன்றைக்கு அந்த வரி இன்னும் காலியாக இருந்தது. டீச்சர் அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

மகிமைதாஸுக்குச் சுருக்கென்றது. பேர் எழுத ஒரு நாளா? ஆறு மாசமாகப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு இந்தப் பெண் தன்னைக் கேலி செய்கிறாளா?

"சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பதினொரு ஆஸ்பத்திரியிலயும் இது ஓடணும் டீச்சர். திட்ட அதிகாரிகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். ஓடலன்னா திங்கக்கிழமை என் இடத்துல வேற ஆளு."

"வாக்கு யாரு கொடுத்தது?"

"நான்தான்."

"ம்" என்றார் டீச்சர். அடுத்த கோப்பைத் திறந்தார்.

பகல் தொழுகைக்கு டீச்சர் உள்ளறைக்குப் போனார். தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். மகிமைதாஸ் மூடிய கதவைப் பார்த்தார். பிறகு டீச்சரின் இரண்டாவது கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

மாற்றித் தருவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. பைத்தான் பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் போதும், இணையத்திலிருந்து எடுத்து லினக்ஸ் பேக்கேஜாக ஆக்கிக் கையில் கொடுத்துவிடும். டீச்சருக்கும் தெரியும். ஏனோ தொடுவதில்லை. மகிமைதாஸ் அறுபத்துமூன்று பெயர்களையும் ஒரு கோப்பில் எழுதிக் கருவியிடம் கொடுத்தார். அது அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருபது நிமிஷத்தில் அறுபத்துமூன்றும் தயார். சீட்டிலிருந்த வரிகளையும் தானே நிரப்பிக்கொண்டது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபத்துமூன்று நாள் வேலை!

எல்லாவற்றையும் தன் லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டார், அதில் மருத்துவமனைகளுக்கு மட்டுமான தனி லைன் இருந்தது. சோதனைக்கு ஒன்றே ஒன்றில் போட்டுப் பார்க்கலாம் என்று கல்லடியூர் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தார். எல்லாம் போய் உட்கார்ந்தது. ஒரு பிழை இல்லை. புது புரோகிராம் திறந்து, ஓ பாசிட்டிவ் எத்தனை பை, பி நெகட்டிவ் எத்தனை பை என்று அழகாகக் காட்டியது. டீச்சர் வந்ததும் லேப்டாப்பைத் திருப்பிக் காட்ட வேண்டியதுதான் என்று உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். கிளாஸைக் கீழே வைப்பதற்குள் டீச்சரின் போன் அடித்தது. கையில் டீ இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், கல்லடியூர் பிளட் பேங்க்ல இருந்து பேசுதேன். சங்கரவடிவு, லேப் டெக்னீஷியன். லேபிள் வரமாட்டேங்குது மேடம். காலையில நல்லாத்தான் வந்துச்சு."

மகிமைதாஸின் கை டீ கிளாஸுக்குப் பாதி வழியில் நின்றது.

"என்ன சொல்லுது, அப்படியே படிங்கம்மா."

சங்கரவடிவு எழுத்துக்கூட்டிப் படித்தாள். எழுத்தின் அகலத்தை அளக்கும் வழியைக் காணோம் என்றது அந்தப் பிழைச் செய்தி.

"பிரசவ கேஸ் மேடம். ரத்தம் நிக்காமப் போயிக்கிட்டு இருக்கு. குரூப் பாத்துப் பையை எடுத்து வச்சிட்டேன். லேபிள் ஒட்டாம ஆபரேஷன் தியேட்டர்ல வாங்கமாட்டாங்க. போன வருஷம் கையால எழுதி ஒரு பை மாறிப்போச்சுல்லா, அதுலருந்து கண்டிப்பு. டாக்டரு பத்து நிமிஷம் பாக்கேன், வரலன்னா என் கையெழுத்துல வாங்கிக்கிடுதேன்னு சொல்லுதாரு. அவருக்கும் பயமாத்தான் இருக்கு."

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"மூணு."

டீச்சர் கிளாஸைக் கீழே வைத்தார். மகிமைதாஸின் முகத்தைப் பார்த்தார், திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது மகிமைதாஸுக்கும் புரிந்தது. இப்போது திட்டுவார் என்று எதிர்பார்த்தார்.

"என் பேக்கேஜ்தான்மா" என்று டீச்சர் போனில் சொன்னார். "நான் சரி பண்ணுதேன். லைன்லயே இருங்க."

பிறகு மெதுவான குரலில் கேட்டார், "எதெல்லாம் போட்டீங்க?"

"எல்லாமே. அறுபத்திமூணும்."

"படம் வரையுற பேக்கேஜும் அதுல உண்டா?"

"உண்டு. புதுப் பதிப்பு. அதையெல்லாம் உடனே எடுத்துருதேன் டீச்சர்." சொல்லிக்கொண்டே கட்டளையை அடிக்க ஆரம்பித்தார்.

டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஆறு மாசத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"தொடாதீங்க. லேபிள்ல எழுத்தை வரைய லேபிள் புரோகிராம் அந்தப் பேக்கேஜை நம்பித்தான் நிக்கு. அதை எடுத்தீங்கன்னா லேபிள் புரோகிராமும் கூடவே போயிரும். அப்புறம் ஒண்ணுமே இருக்காது."

லேபிள் புரோகிராம் பழசு, யாரும் கவனிக்காமல் மூலையில் ஓடிக்கொண்டிருப்பது. அதுவும் இதே பேக்கேஜைத்தான் பயன்படுத்துகிறது என்று மகிமைதாஸுக்குத் தெரியாது. புதுப் பதிப்பை எழுதியவர்கள் எழுத்தை அளக்கும் பழைய வழியை எடுத்துவிட்டார்கள் என்றும் தெரியாது. கருவி சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"மேடம், நாலரை நிமிஷம்" என்றது போன்.

"அந்த மெஷின்ல பழசுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் அண்ணாச்சி. அதைத் திறங்க."

இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் அதுவரை போட்ட ஒவ்வொரு பேக்கேஜும் அங்கே தேதியோடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒன்பது வருஷமாக அந்தக் கம்ப்யூட்டரைப் பராமரிப்பவர் அந்த ஃபோல்டரை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"நாலு வருஷத்துக்கு முந்தி தேதி போட்டது. கண்டீங்களா?"

"கண்டேன்."

"அதை மேல போடுங்க. பழைய பதிப்புக்குப் போகுதுன்னு எச்சரிக்கும். சரின்னு சொல்லுங்க."

"புது புரோகிராம் நின்னுருமே டீச்சர்."

"நிக்கட்டும்."

அடித்தார். தப்பு. அவசரத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். டீச்சர் ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். கீழே ஜெராக்ஸ் கடையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். மகிமைதாஸுக்கு அந்தச் சிரிப்பின்மேல் ஆத்திரம் வந்தது.

எச்சரிக்கை வந்தது. சரி என்றார். வரிகள் மெதுவாக ஓடின. பாழாய்ப்போன கம்ப்யூட்டர், இவ்வளவு மெதுவானது என்று அவருக்கு இத்தனை நாள் தெரியவே இல்லை. கடைசியில் முடிந்தது என்று ஒரு வரி வந்து நின்றது.

"இப்ப அடிச்சுப் பாருங்கம்மா" என்றார் டீச்சர்.

போனில் சத்தமே இல்லை. மகிமைதாஸ் மனசுக்குள் ஜெபம் பண்ணினார். என்ன சொல்லி ஜெபம் பண்ணினார் என்று பிறகு யோசித்தபோது அவருக்கே ஞாபகம் வரவில்லை.

பிரிண்டர் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது.

"வந்துட்டு மேடம்!" போன் மேஜையில் விழுந்த சத்தமும், ஓடும் செருப்புச் சத்தமும் கேட்டன. அதற்குப் பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

இருவரும் காத்திருந்தார்கள். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்துச் சங்கரவடிவு மூச்சு வாங்கிக்கொண்டே போனை எடுத்தாள்.

"ரத்தம் ஏறுது மேடம். ரெண்டாவது பையும் கொடுத்துட்டேன். பிரஷர் கொஞ்சம் தேறியிருக்குன்னு டாக்டரு சொன்னாரு. ஆம்பளப் பிள்ள."

"நல்லதும்மா. என் தப்பால உங்களைப் பதற வச்சிட்டேன்."

"அய்யோ, அதெல்லாம் இல்ல மேடம். உடனே போனை எடுத்தீங்களே, அதுவே பெருசு."

டீச்சர் போனை வைத்தார். மகிமைதாஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவமானமாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"தப்பு என்னோடது டீச்சர். எதுக்கு உங்க தப்புன்னு சொன்னீங்க? அந்தப் பொண்ணும் என்னைய விட்டுட்டு உங்களை எதுக்குக் கூப்பிட்டுச்சு? அங்க எல்லாருகிட்டயும் என் நம்பர்தான் இருக்கு."

"லேபிள் மக்கர் பண்ணினா, மாறின பேக்கேஜோட சீட்டைப் பாத்து, அதுல இருக்க பேரைக் கூப்பிடுங்கன்னு, லேபிள் புரோகிராமுக்குப் பேக்கேஜ் செஞ்சு கொடுத்தப்பவே மானிட்டர்ல ஒட்டி வச்சிருக்கேன்."

டீச்சர் இரண்டாவது கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். அறுபத்துமூன்றில் ஒன்றைத் திறந்து சீட்டைக் காட்டினார். பொறுப்பாளர்: ஜுலைகா. பக்கத்தில் போன் நம்பர். அடுத்ததைத் திறந்தார். ஜுலைகா. அதற்கடுத்தது. ஜுலைகா. கருவி அந்தக் கம்ப்யூட்டரில் யார் பெயர் இருந்ததோ அதை எடுத்து அறுபத்துமூன்றிலும் எழுதிவிட்டது.

"என் பேருதான அண்ணாச்சி இருக்கு" என்றார்.

மகிமைதாஸ் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய போன் அடித்தது. திட்ட அதிகாரி. ஐந்து மணிக்கு எல்லாம் ஓடுமா என்று கேட்டார்.

"ஓடாது சார்" என்றார் மகிமைதாஸ். "இன்னைக்கு ஆகாது. என்னைக்கு ஆகும்னும் இப்ப சொல்ல முடியாது."

அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு கொஞ்ச நேரம் சூடாக வந்தது. பிறகு லைன் கட் ஆனது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். ஒன்பது வருஷம். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

டீச்சர் எழுந்துபோய் ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு வந்தார். அறுபத்துமூன்றையும் அழித்தார். காலையில் பாதி படித்து வைத்திருந்த பேக்கேஜைத் திறந்து, சீட்டின் கடைசி வரிக்குப் போய், கீபோர்டை அவர் முன்னால் தள்ளினார்.

பொறுப்பாளர் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இருந்த காலியிடத்தில் கர்சர் விட்டுவிட்டுத் துடித்தது.

"இதுக்கு நீங்க உங்க பேரைப் போடுங்க அண்ணாச்சி. நம்பரும்."

மகிமைதாஸ் தன் பெயரின் முதல் எழுத்தை அடித்தார். இரண்டாவது எழுத்துக்கு விரல் போகவில்லை. அடித்த எழுத்தையும் அழித்தார்.

"டீச்சர், இதுக்குள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கலையே. இதை யாரு யாரு நம்பியிருக்காங்கன்னும் தெரியாதே."

"பாத்துட்டுப் போடுங்க" என்றார் டீச்சர். "ஒரு நாள் ஆகும்."