பெயருக்கு விட்ட இடம்

சாயப்பட்டறை மேலாளர் வையாபுரிதான் எனக்கு முதலில் கெடுதல் செய்தவர். மூன்று நாள் மூடிக்கிடந்த கழிவுத் தொட்டிக்குள் என் கடைசித் தம்பி பரமேசுவைக் கயிறு கட்டாமல் இறக்கினார். தம்பி பிணமாகத்தான் மேலே வந்தான். மறுநாள் ஆங்கிலக் காகிதம் ஒன்றை நீட்டி, சாட்சிக் கையெழுத்து கேட்டார். உடலை வாங்குவதற்கு என்று நினைத்துப் போட்டேன்.

அதில் தம்பி பெயரை அடுத்து 'ஓன் நெக்லிஜென்ஸ்' என்று இருந்தது. தன்னுடைய கவனக்குறைவால் செத்தான் என்று பொருள். எனக்குக் கொடுத்த நகலை ஒருவர் படித்துச் சொல்ல ஒரு வருஷம் ஆனது.

அந்த வார்த்தையை வையாபுரியின் பெயருக்குப் பக்கத்தில் என் கையால் புகாராக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் கோர்ட் வாசலில் ஆங்கில மனு எழுதும் ஞானாபரணத்திடம் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். சொல்லிக்கொடுப்பவர் என்பதால் ஐயா என்றே கூப்பிட்டேன்.

"அறுபது வயசுல இங்கிலீஷ் எதுக்குங்கண்ணா? லண்டன்ல பொண்ணு பாத்துட்டாங்களா?"

"ஒரு வார்த்தை எழுதணுங்கையா."

"என்ன வார்த்தை?"

"முதல்ல எழுத்து வரட்டுங்க."

எட்டு மாதம் எழுதினேன். எழுத்து நேரான பிறகு கேட்டேன்.

"ஐயா, ஓன் நெக்லிஜென்ஸை எப்படிப் போட்டாச் சரியா இருக்கும்?"

அவர் பேனாவை மூடினார்.

"யாருக்குப் போடணும்?"

"என் தம்பியைத் தொட்டிக்குள்ள இறக்குனவனுக்கு."

நடந்ததை எல்லாம் சொன்னேன். கையெழுத்து வாங்கிய காகிதத்தைப் பற்றிச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, மாதிரி மனுக்கள் எழுதிவைத்த நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான்கே வரி. பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். அதை அடுத்து அந்த வார்த்தை.

"இது உங்க கையெழுத்தாச்சே."

"ஆமாங்கண்ணா. பட்டறைக்காரங்க எல்லாரும் எங்கிட்டத்தான் வாங்கிட்டுப் போவாங்க. பேரை மட்டும் அவங்களே போட்டுக்குவாங்க."

"எப்ப எழுதுனது?"

"பத்து வருஷம் இருக்கும்."

பத்து வருஷத்துக்கு முன்னால் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"செத்தவனுக்கு இருக்குது. இறக்குனவனுக்கு மாதிரி எங்கே?"

நோட்டைக் கடைசிவரை புரட்டிப் பார்த்தார்.

"இல்லீங்க. அப்படி ஒண்ணு எழுதச் சொல்லி யாரும் வந்ததில்லை."

"நான் வந்திருக்கறனே."

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"எழுதுங்க. முதல்ல அந்த வார்த்தைக்கு முன்னால எம் பேரைப் போட்டுப் பழகுங்க."

எழுதினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, தப்பே இல்லை என்றார்.

வையாபுரி பெயர் இன்னும் பாக்கி.