வீரணன் திருப்பித் தராத நிழல்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் பெயர் வீரணன். என் அக்காள் புருஷன். பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். கதையில் எதை மறந்தாலும் அந்தப் பெயரை மறக்காதீர்கள்.

வெகுகாலத்துக்கு முன்னே செம்மலைக் கோட்டை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அரண்மனை வாசலுக்கு ஒரு மந்திரவாதி வந்து ஒரு செம்பு தண்ணீர் கேட்டான். காவல்காரர்கள் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தார். மந்திரவாதி ஒரு பிடி மண்ணை எடுத்து வீசினான். அந்த நொடியே ராஜாவின் மகள் பூவழகி மண்பொம்மையாகிப் போனாள்.

"கத்திரி வெயிலில், இந்த முற்றத்தில், எவனாவது பூசணிக்கொடி வளர்த்து, காயை இவள் கையிலும் பூவை இவள் கூந்தலிலும் வைத்தால் எழுந்திருப்பாள். பந்தல் போட்டால் பந்தல் சாம்பலாகும். குடை பிடித்தால் குடை சாம்பலாகும்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

ராஜா முரசறைந்தார். வளர்த்தவனுக்கு ஆற்றங்கரைத் தோப்பு. முன்வந்து தோற்றவனுக்குத் தலை இல்லை.

வீரணன் அதுவரை ஒரு கீரை விதைகூடத் தூவியதில்லை. ஆனாலும் சபையில் போய், "என் கை பட்டால் கல்லும் துளிர்க்கும்" என்று சொல்லிவிட்டான். அக்காள் அன்னமயில், தோட்ட வேலை தெரிந்த என்னிடம் ஓடி வந்தாள்.

"தம்பி, அந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாது. என் தாலி உன் கையிலதான் இருக்கு."

அக்காள் தாலிக்காகப் போனேன். அவனுக்காகப் போகவில்லை.

முதல் விதை முளைத்தது. வீரணன் உச்சி வெயிலில் குடம் குடமாக ஊற்றினான். வெந்து செத்தது. இரண்டாம் விதை முளைத்தது. பச்சைச் சாணியை அள்ளிப் போட்டான். கருகிச் செத்தது.

"மச்சான், சாணி மக்கணும். தண்ணியை விடியும்போது ஊத்தணும், இல்லேன்னா பொழுது சாஞ்சு ஊத்தணும்" என்றேன்.

"உனக்கு மத்தியானம் தாகமெடுத்தா மறுநாள் விடிஞ்சப்புறமா குடிப்பே, மாப்பிள்ளை?"

"நான் செடி இல்ல, மச்சான்."

"பாத்தா அப்படித் தெரியலையே. வச்ச எடத்துலயே நிக்கிறியே."

மூன்றாம் விதையை நானே ஊன்றினேன். அடியில் துளையிட்ட பானையைப் பக்கத்தில் புதைத்துத் தண்ணீர் நிரப்பினேன். வேரடியில் சருகு பரப்பினேன். தரையில் கிடந்ததால் சருகு சாம்பலாகவில்லை. கொடி ஓடியது. ஆனால் மத்தியானமானால் இலை துவண்டது, நுனி கருகியது. இன்னும் இரண்டு நாள் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது வேலியில் இருந்த ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு பேசியது.

"மனுசன் நிழல் பந்தலுமில்ல, குடையுமில்ல. அது சாம்பலாகாது. உரிச்சு விரிக்க எனக்குத் தெரியும்."

"மாப்பிள்ளை நிழலை உரி" என்றான் வீரணன். என்னிடம் கேட்கக்கூட இல்லை.

"அவன் மனசாரக் குடுத்தாத்தான் நிக்கும். வளக்கிறேன்னு சொன்னவன் நிழல் ஆகாது. திருப்பித் தரணும்னா, வாங்கினவன் ஊரார் முன்னால 'இது உன் நிழல், எடுத்துக்கோ'ன்னு வாயால சொல்லணும்."

"அவ்வளவுதானே. காய் பறிக்கிற அன்னிக்கே ராஜா முன்னால சொல்றேன். குடு மாப்பிள்ளை."

கொடுத்தேன். வெயிலுக்குப் பயந்து எல்லாரும் உள்ளே இருந்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. ஓணான் என் காலடியிலிருந்து அதை வாழைப்பட்டை போல உரித்தது. ஈரத்துணி போல இழுத்து முற்றத்தில் விரித்தது. கொடி நிமிர்ந்தது.

முதல் பூ பூத்து உதிர்ந்தது. இரண்டாம் பூ உதிர்ந்தது. மூன்றாம் பூவும் உதிர்ந்ததும், "மலட்டுக் கொடி" என்று வீரணன் பிடுங்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மொதல்ல வர்றதெல்லாம் ஆண் பூ, மச்சான். அது காய்க்காது. பொறு."

எட்டாம் நாள், அடியில் குட்டிக் காயோடு பெண் பூ வந்தது. அந்தச் சூட்டில் ஒரு தேனீ இல்லை. விடியும்போது ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, பெண் பூவில் நானே தடவினேன். காய் பிடித்தது.

காய் முற்றியதும் சபை கூடியது. காயைக் கையிலும் பூவைக் கூந்தலிலும் வைத்தார்கள். மண் உதிர்ந்தது. பூவழகி கண் விழித்து, "தாகமாயிருக்கிறது" என்றாள். ராஜா தன் கையால் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அன்று முதல் அந்த வாசலில் கேட்டவர்க்கெல்லாம் தண்ணீர் உண்டு. நல்லதுதான். நல்லதில்லை என்று நான் சொல்லவில்லை.

"இந்த வெயிலில் எப்படி வளர்த்தாய்?" என்று பூவழகி கேட்டாள்.

வீரணன் என்னைப் பார்த்தான். "என் கைராசி, தாயே" என்றான்.

நான் வாயைத் திறந்திருந்தால், ராஜாவிடம் பொய் சொன்னதற்கு அவன் தலை போயிருக்கும். எதிரே அக்காள் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடிக்கொண்டேன்.

தோப்பு அவனுக்குப் போனது. என் நிழலையும் சுருட்டிக்கொண்டு போய் அங்கே விரித்தான். "அடுத்த மாசம் சொல்றேன், மாப்பிள்ளை" என்றான். அடுத்த வருஷம் என்றான். பேரன் பிறக்கட்டும் என்றான். பேரன் பிறந்து அவனுக்கும் மீசை வந்துவிட்டது.

நிழல் இல்லாதவனைப் பேய் என்றார்கள். எனக்கு ஒருவரும் பெண் கொடுக்கவில்லை. கடைக்குப் போனால் சாமானைத் தரையில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார்கள். வீரணன் தோப்பிலோ கத்திரி வெயிலிலும் வெண்டை காய்க்கிறது, மல்லிகை பூக்கிறது. அக்காள் கூடை நிறையக் காய் கொடுத்து அனுப்புவாள். கூடையைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அவனுக்கு எண்பது வயதாகிறது. தினமும் மத்தியானம் அவன் தோப்பு வாசலில் போய் நிற்கிறேன். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி தலையைத் தூக்கிப் பார்ப்பான்.

"ஏன் மாப்பிள்ளை வெயில்ல நிக்கிறே? உள்ள வந்து நிழல்ல உக்காரு" என்பான்.

நான் உட்காரவில்லை. அவன் இன்னும் சொல்லவில்லை.